மீட்டிங்கும் அப்பாவின் பீரோவும்

கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் நாங்கள் இருக்கும் பழைய வீட்டில் சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம். அதனால் வைஃபைக்கு மூன்று பெட்டி வாங்கி, ஒன்றை ஹாலிலும் ஒன்றை பாசேஜ் ஷெல்ஃபிலும் ஒன்றை என் மேஜையிலும் வைத்தேன். ஒன்று சிக்னலை இன்னொன்றுக்குக் கடத்தும் என்றார்கள். கடத்தத்தான் செய்தது. வீடியோ மீட்டிங் தொடங்கினால் மட்டும் ஐந்தாவது நிமிடம் காலை வாரிவிடும்.

மூன்றாவது தடவை நான் வாயைத் திறந்தபடி திரையில் உறைந்து போனதும், பெங்களூரு மேனேஜர் சொல்லிவிட்டார். "வெள்ளிக்கிழமை ரிவ்யூலயும் கட் ஆச்சுன்னா, நீங்க இங்கேயே வந்து உக்காந்துடுங்க."

வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் இருந்து ரிடையரான அப்பா கொல்கத்தாவை விட்டு ஓர் அடி நகரமாட்டார். "நீ போயிக்கோ. நான் பாத்துக்கறேன்" என்றார். என்னத்தைப் பார்த்துக்கொள்வார், அடுப்பில் வைத்த பாலையே பார்க்கமாட்டார்.

பெட்டிகளை அணைத்துப் போட்டேன். சானலை மாற்றினேன். நாங்கள் தாதா என்று கூப்பிடும் மாடி வீட்டு வங்காளி அண்ணன், மைக்ரோவேவ்தான் காரணம் என்றார். எங்களிடம் மைக்ரோவேவே இல்லை. அப்படியானால் தன்னுடையதுதான் என்று முடிவு செய்து, பாவம், ஒரு நாள் முழுக்க ஆறின மீன் குழம்பு சாப்பிட்டார். அன்றும் லைன் அறுந்தது. மெக்கானிக் இரண்டு முறை வந்தார். அவர் இருந்தவரை ஒரு நொடிகூட அறுந்துபோகவில்லை. "சொப் டீக் ஆச்சே" என்றார். எல்லாம் சரியாக இருக்கிறதாம். டீயைக் குடித்துவிட்டு, டாக்டரிடம் போகவேண்டியவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வாசல்வரை போய் அவரை வழியனுப்பினார்.

வியாழக்கிழமை மீட்டிங்கில் மறுபடியும். ஆத்திரத்தில் போனைத் தூக்கிக்கொண்டு பாசேஜுக்கு ஓடினேன். அங்கே அப்பாவின் இரும்பு பீரோ திறந்திருந்தது. அதன் கதவு ஷெல்ஃபை முழுசாக மறைத்துக்கொண்டு நின்றது. கதவின் உள்பக்கக் கண்ணாடியைப் பார்த்து, அப்பா நிதானமாகச் சட்டைக்கு ஒவ்வொரு பட்டனாக போட்டுக்கொண்டிருந்தார்.

கதவைச் சாத்தினேன். போனில் சிக்னல் பச்சை. திறந்தேன். சிவப்பு. நாலு தடவை செய்து பார்த்தேன்.

"என்னடா, கதவை வச்சுண்டு விளையாடறே?"

"மீட்டிங் நேரத்துல எதுக்குப்பா பீரோவைத் திறக்கறேள்?"

"பேப்பர் படிக்க பால்கனிக்கு உன் ரூம் வழியாத்தானே போகணும். உன் ஆபீசரெல்லாம் பாக்கறா. பனியனோட போறதா?"

மெக்கானிக் வந்த நாட்களில் அப்பா விடிந்ததுமே சட்டை போட்டுத் தயாராகிவிட்டது அப்போதுதான் உறைத்தது. சிரித்திருக்கலாம். நான் கத்தினேன். ஒரு சட்டைக்காக என் பிழைப்பில் மண்ணைப் போடுகிறீர்களே என்றேன். அப்பா பீரோவைச் சாத்தினார். பெட்டியை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டு, இனிமேல் திறந்தாலும் ஒன்றும் ஆகாது என்றும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை ரிவ்யூ ஒரு மணி நேரம் அறுந்துபோகாமல் ஓடியது. நடுவில் அப்பா வியாழக்கிழமை போட்ட அதே முழுக்கைச் சட்டையில், பேப்பரோடு என் பின்னால் போனவர் நின்று, கேமராவுக்கு ஒரு கும்பிடு போட்டார். மேனேஜரும் பதறிப்போய்க் கும்பிட்டார். "லைன் நல்லாத்தானே இருக்கு, அங்கேயே இருங்க" என்றார்.

சனிக்கிழமை காலை காபி கொண்டுபோனேன். அப்பா நேற்றைய சட்டையிலேயே உட்கார்ந்திருந்தார். கசங்கியிருந்தது.

"இன்னிக்கு லீவுப்பா. வேற சட்டை மாத்திக்கலையா?"

"வேற சட்டை பீரோக்குள்ள இருக்கு" என்றார். "திறந்தா நீ போயிடுவியோன்னு பயமா இருக்குடா."

நான் போய் பீரோவை அகலத் திறந்து வைத்துவிட்டு வந்தேன்.