சிவப்புப் போஞ்சி

திருநெல்வேலியிலிருந்து வரும் கடிதங்களில் எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வி, ‘மலையாளத்துத் தண்ணி ஒத்துக்கிடுதா?’ என்பதுதான். ஒத்துக்கொள்வது இருக்கட்டும், இங்கே தண்ணீரே வேறு நிறம் என்பதை எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. வந்த முதல் வாரம் பழவங்காடியில் ஒரு சிறிய ஹோட்டலில் சாப்பிட உட்கார்ந்தோம். ரோஜா நிறத்தில், ஆவி பறக்க, மூன்று டம்ளர்கள் வந்தன. “இது நாங்க கேக்கலியே” என்று அவசரமாகத் தள்ளி வைத்தேன். பரிமாறியவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, “இது ஆரும் கேக்காதெ கொடுக்குந்நதா சேச்சி. வெள்ளம்” என்றார். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். பதிமுகம் என்ற மரத்தின் சீவல்களைப் போட்டுக் கொதிக்கவைத்த குடிதண்ணீர் அது. தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் பிடித்து அப்படியே அண்ணாந்து குடித்து வளர்ந்தவள் நான். தண்ணீரைச் சமைப்பார்கள் என்பதே எனக்குப் புதிது.

என் கணவருக்கு வங்கியில் மாற்றல் வந்து, ஐந்து வயதுக் கோமதியையும் கூட்டிக்கொண்டு இங்கே குடிவந்தது தொண்ணூறுகளின் நடுவில். கரமனைப் பக்கம் ஓர் ஓட்டு வீட்டின் பாதி எங்களுக்கு. மறுபாதியில் வீட்டுக்காரர் சரளா சேச்சி இருந்தார். கோமதியை அருகிலிருந்த பள்ளியில் யு.கே.ஜி. சேர்த்தோம். மூன்றாம் மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒண்ணுக்குப் போனால் எரிகிறது என்று அழுதாள். சோதித்ததில் சிறுநீரில் தொற்று என்றார்கள். டாக்டரம்மா மருந்து எழுதிக்கொண்டே, “ஒரு திவசம் எத்தர வெள்ளம் குடிக்கும் குட்டி?” என்று கேட்டார். பிள்ளை ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள் என்று கேள்வி. எத்தனை இட்லி தின்றாள், எத்தனை முறை தும்மினாள் என்றெல்லாம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தண்ணீரை மட்டும் நான் கவனித்ததே இல்லை. “நல்லோணம் குடிப்பிக்கணும். இனியும் வந்நால் ஸ்கேன் செய்து கிட்னி நோக்கணும்” என்றார். கிட்னி என்ற சொல்லைக் கேட்டபின் அந்த அறையில் வேறு எதுவும் என் காதில் விழவில்லை.

அன்று வீட்டில் இவர், “இந்த ஊரு பிள்ளைக்கு ஒத்துக்கிடலைன்னா நீங்க ரெண்டு பேரும் ஊருக்குப் போயிருங்க. நான் சனிக்கிழமைதோறும் வாரேன்” என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு அது தீர்ப்பு மாதிரி கேட்டது. ஒரு பிள்ளைக்குத் தண்ணீர் குடிக்க வைக்கத் தெரியாமல் குடும்பத்தை இரண்டு ஊராக்கியவள் என்று என்னைப் பேசுவார்களே என்று நினைத்தேன். அப்படி யாரும் பேசப்போவதில்லை என்றும் அடுத்த நிமிடமே நினைத்தேன். நான் எப்போதும் இப்படித்தான்.

மறுநாளிலிருந்து பள்ளி விட்டதும் முதல் வேலையாக அவள் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பேன். காலையில் கொடுத்தது அப்படியே இருக்கும். ஏன் என்று கேட்டால், “எல்லார் பாட்டிலும் ரோஸ் கலர். எனக்கு மட்டும் வெள்ளை” என்றாள். சரி, நம் பிள்ளையும் மற்றவர்களைப் போல இருந்துவிட்டுப் போகட்டும் என்று மருந்துக்கடையில் பதிமுகம் வாங்கிக் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். கட்டை வாசம் அடிக்கிறது என்று துப்பினாள். வாசம் தெரியாமலிருக்க அதில் ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். நாலே சொட்டுதான். ரோஜா நிறம் என் கண் முன்னால் வெளிறி, மஞ்சளாகிவிட்டது. வாசலில் நின்றிருந்த சரளா சேச்சி கண்ணாடி டம்ளரை எட்டிப் பார்த்து, “இதெந்தர் மோளே, மூத்ரம் டெஸ்டினு கொண்டுபோகான் உள்ளதா?” என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். அவர் திகைத்துப்போய், “ஐயோ, ஞான் தமாச பறஞ்ஞதல்லே!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சேச்சியின் முற்றத்தில், கிணற்றை ஒட்டி, ஒரு லோலோலிக்கா மரம் இருந்தது. கொத்துக் கொத்தாக, கோலிக்குண்டு அளவில், செக்கச் செவேலென்று காய்த்துக்கிடக்கும். அழகைப் பார்த்து வாயில் போட்டால் புளிப்பில் கண் மூடிக்கொள்ளும். சேச்சி அதை உப்பிலிடுவார், ஊறுகாய் போடுவார். பதிமுகத்தின் நிறத்தைத்தான் எலுமிச்சை தின்றுவிட்டது, இந்தப் பழத்தின் நிறத்தையும் தின்னுமா என்று எனக்கு ஒரு யோசனை. இரண்டு கை பழம் கேட்டேன்.

“எந்தினு? அச்சாரினா?” ஊறுகாய்க்கா என்று விசாரித்தார்.

“இல்ல சேச்சி, கோமுவுக்கு சர்பத் போட.”

“லோலோலிக்கா கொண்டு போஞ்சியோ? எண்டெ பகவானே, இந்தப் பாண்டிக்காரிக்குப் பிராந்து பிடிச்சு” என்று உள்ளே இருந்த தன் கணவருக்குக் கேட்கச் சொன்னார். பிராந்து என்றால் பைத்தியம். போஞ்சி என்றால் இந்த ஊரில் எலுமிச்சைச் சாற்றுத் தண்ணீர். பாண்டி என்றால் நாம். தெருவில் யாராவது சொன்னால் சுருக்கென்று குத்தும் அந்த வார்த்தை, சேச்சியின் வாயில் ஒரு செல்லப்பெயர் போல ஆகிவிட்டிருந்தது. ஆனாலும் நான் அதற்குச் சிரிக்கலாமா என்று ஒவ்வொரு முறையும் யோசிப்பேன். திட்டிக்கொண்டே அவர் ஒரு முறம் நிறையப் பறித்துத் தந்தார். “உள்ளங்கையில் இட்டு நல்லோணம் உருட்டு. சவர்ப்பு போகும்” என்றார். சவர்ப்பு என்றால் துவர்ப்பு.

முதல் தடவை அலுமினியப் பாத்திரத்தில் காய்ச்சி, சாறு கறுத்துப் போனது. இரண்டாம் தடவை சூடு ஆறுமுன் எலுமிச்சையைப் பிழிந்து, கசந்து போனது. மூன்றாம் தடவைதான் பொறுமை வந்தது. பழங்களை ஒவ்வொன்றாக உருட்டி, காம்பு நீக்கி, எவர்சில்வர் பாத்திரத்தில் சர்க்கரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் சேர்த்துச் சிறுதீயில் வைத்தேன். தோல் வெடித்துக் கூழாகும்வரை கிளறி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினேன். சாறு மங்கலாக, காவிநிறத்தில் இருந்தது. கொதித்து முழுக்க ஆறிய தண்ணீரில் அதைக் கலந்து, சிட்டிகை உப்புப் போட்டு, பயந்து பயந்து எலுமிச்சையைப் பிழிந்தேன். நிறம் போகவில்லை. மங்கல் விலகி, விளக்கேற்றியதுபோலச் சிவப்பு தெளிந்தது. கோமதி ஒரே மூச்சில் குடித்துவிட்டு மேலுதட்டில் சிவப்பு மீசையோடு, “நாளைக்கு பாட்டில்ல இதுதான்” என்றாள். சேச்சியும் ஒரு டம்ளர் குடித்தார். இன்னொரு டம்ளருக்குக் கையை நீட்டினார்.

அதன்பின் பாட்டில் தினமும் காலியாக வந்தது. பதினைந்து நாள் நான் அந்தக் காலிப் பாட்டிலைக் கழுவும்போதெல்லாம் மனத்துக்குள் ஊருக்குக் கடிதம் எழுதினேன். பதினாறாம் நாள் அவளுக்கு மறுபடியும் காய்ச்சல், மறுபடியும் எரிச்சல். டாக்டரம்மா ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். நல்லவேளையாக அதில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால், “குட்டி வெள்ளம் குடிக்குந்நில்லா. அது உறப்பா” என்று அடித்துச் சொன்னார். நான் பாட்டிலை எடுத்துக் காட்டாத குறை. “இல்ல டாக்டர், டெய்லி முழு பாட்டில் குடிக்கா” என்று வாதாடினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கமும் சலிப்பும் சமமாக இருந்தன.

காய்ச்சல் விட்டு அவளைப் பள்ளிக்குக் கொண்டுவிட்ட அன்று டீச்சர் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, “கோமதியுடெ அம்மயல்லே? சிவந்ந போஞ்சி சூப்பராணு கேட்டோ! குட்டிகள் எல்லாம் கியூவாணு” என்றார். பாராட்டுக்கு நன்றி சொல்லி, பத்தடி நடந்த பிறகுதான் அதன் பொருள் எனக்கு உறைத்தது.

சாயங்காலம் அவளை மடியில் இருத்திக் கேட்டேன்.

“ஏட்டி, போஞ்சிய நீ குடிக்கியா, எல்லாருக்கும் குடுத்திருதியா?”

“குடுத்திருவேன். அஞ்சு மடக்கு சந்தியாவுக்கு. அவதான் என்னைய ஊஞ்சல்ல தள்ளுவா.”

“நீ ஏன் குடிக்கல? புளிக்கா?”

“குடிச்சா ஒண்ணுக்கு வருமே.”

“வந்தா போ. டீச்சர் விட மாட்டாங்களா?”

அவள் என்னை முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். “நீதான சொன்ன, அங்கலாம் போவக்கூடாதுன்னு.”

நான்தான் சொல்லியிருந்தேன். சேர்த்த அன்று பள்ளியின் கழிப்பறையை எட்டிப் பார்த்தேன். ஈரத் தரை, ஒரு வாளி, பல பிள்ளைகளின் கால் தடம். அவள் காதில், “இங்கலாம் போவாத. நோய் வந்திரும். வீட்டுக்கு வந்து போயிக்கலாம்” என்றேன். நோய் வரக்கூடாது என்று சொன்ன அந்த வார்த்தைதான் பிள்ளையை இரண்டு முறை படுக்க வைத்திருக்கிறது. இதைச் சொல்ல நான் யோசிக்கக்கூட இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். எதற்கும் நாலு முறை யோசிக்கிறவள், இதை மட்டும் மூச்சு விடுவதுபோலச் சொல்லியிருக்கிறேன்.

பாளையங்கோட்டையில் நான் படித்த பெண்கள் பள்ளியில் பின்சுவரை ஒட்டிக் கதவில்லாத நாலு தடுப்புகள் இருந்தன. அங்கே போகிறவளை ஒருமாதிரியாகப் பார்ப்போம். காலையில் அரை டம்ளர் காப்பி, பிறகு சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் தண்ணீர். மத்தியானம் சோறு விக்கினால் ஒரு மடக்கு. ஆண்டுவிழாவில் நாள் முழுக்கப் போகாமல் இருந்ததை ஒருத்தி பெருமையாகச் சொல்லுவாள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்போம். எங்கள் அம்மா இதை எனக்குச் சொல்லித் தந்ததாக நினைவில்லை. அம்மா வெளியூர் போகும் நாளில் தண்ணீர் குடிக்காததைப் பார்த்திருக்கிறேன். நானும் ஊருக்குப் பஸ் ஏறும் நாளில் விடிந்ததிலிருந்து நாக்கை நனைப்பதில்லை. நாகர்கோவிலில் பஸ் நிற்கும்போது இவர் இறங்கிப் போய் வருவார், நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். மலையாளத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த மாதங்களில் கோமதி அந்தத் தண்ணீரைக் குடிக்கவே இல்லை. இதைப் படிக்கிற, என்னைப் போல வெளியூரில் பிள்ளை வளர்க்கிற அம்மாக்கள், உங்கள் பிள்ளைகளிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

மறுநாள் இடைவேளை நேரத்தில் டீச்சரிடம் அனுமதி கேட்டு, கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனேன். தரையைக் கழுவி முடித்த ஆயா, “எந்தா, குட்டிக்குப் பேடியா?” என்று பிள்ளையின் பயத்தை விசாரித்துச் சிரித்துவிட்டு நகர்ந்தார். “இப்ப சுத்தமா இருக்கு பாரு. இனிமே நீ போலாம். அம்மா அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேன்” என்றேன். கோமதி கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“நீ போவியா?”

“நானா?”

“நீ மொதல்ல போ.”

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். உள்ளே போய்ச் சும்மா நின்று தண்ணீரை ஊற்றிவிட்டு வரலாம். ஆனால் அவள் என் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். “கதவுல தாழ்ப்பா சரியில்ல. யாரும் வராமப் பாத்துக்கிடுதியா?” என்றேன். பெரிய பொறுப்பு கிடைத்தவளாகத் தலையாட்டினாள்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தச் சின்ன அறைக்குள், என் ஆயுளில் முதல்முறையாக என் வீடோ உறவினர் வீடோ அல்லாத ஓர் இடத்தில், உட்கார்ந்தேன். உடல் இணங்கவில்லை. வெளியே பிள்ளைகள் ஓடிவரும் சத்தம் கேட்டது. யாரோ கதவைத் தள்ளினார்கள்.

“தள்ளல்லே!” என்றது ஒரு குரல். “அகத்து ஆளுண்டு. எண்டெ அம்மயா.”

“நிண்டெ அம்மயோ?” என்று ஒரு சின்னக் கூட்டமே சிரித்தது.

“சிரிக்கல்லே. எண்டெ அம்மைக்கும் முள்ளூலே?” என் அம்மாவுக்கும் ஒண்ணுக்கு வராதா என்று கேட்டது அந்தக் குரல்.

பாட்டில் மூடி திறக்கும் ஓசை. மடக் மடக்கென்று குடிக்கும் ஓசை. “எனிக்கு கொறச்சு தா” என்று ஒருத்தி கேட்க, “இந்நு தரூல. இது மொத்தம் எனிக்கா” என்று பதில் வந்தது.

அந்தப் பேச்சில் நம் ஊரின் இழுப்பு எங்கும் இல்லை. கதவுக்கு அப்பால் நிற்பது எந்த வீட்டுப் பிள்ளை என்று, தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தபடி, நான் காதைத் தீட்டிக் கேட்டேன்.

“அம்மா,” அதே குரல் சட்டென்று தணிந்து கதவிடுக்கில் வந்தது. “ஒனக்கு வருதா, இல்லியா? நான் நிக்கேன், பயப்படாத.”