உப்பு மனிதன் இரண்டாம் பாகம்: திருகோணமலையில் முந்திக் கேட்ட கைதட்டல்

இந்தப் படத்துக்காகவே திருகோணமலைக்குப் போனேன். மாசி மாதம், பரீட்சைக்கு முந்திய விடுமுறை. கண்டியில் ஆங்கிலத்தில்தான் ஓடியது. எனக்குத் தமிழ்க் குரல் வேண்டும். கைதட்டும் சனம் வேண்டும். முதல் பாகத்தை ஐந்து தரம் பார்த்தவர்களுக்கு இது பைத்தியமாகத் தெரியாது. இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிடுங்கள், முடிவை எழுதப்போகிறேன்.

காலை ஐந்தரைக்குக் கண்டியில் பஸ். நூற்றெண்பது கிலோமீற்றர், ஐந்தரை மணித்தியாலம், எழுநூறு ரூபாய்க்குக் கிட்ட. இடப்பக்கம் இருந்தால் வெயில் படாது. தம்பலகாமத்தில் வயல் நடுவே ஒரு டிராக்டர் உறுமிக்கொண்டு நின்றது. ஓட்டும் இருக்கையில் ஆளில்லை. சுற்றிலும் ஆளில்லை. கப்பல்துறை தாண்டியதும் மரங்களுக்கிடையே துறைமுகம். அலை இல்லாத தண்ணீர்.

பஸ் நிலையத்திலிருந்து திரையரங்குக்கு முச்சக்கரவண்டி, முந்நூறு ரூபாய்.

“உப்பு மனிசனுக்கா?” என்றார் ஓட்டுநர். “என்ர மூத்தவன் ரெண்டு நாளாச் சோத்தில உப்புப் போட விடுறானில்லை. பாவமாம்.”

முதல் பாகத்தின் கடைசியில் ஒரு நகரத்தைக் காப்பாற்ற உப்பு மனிதன் கடலில் கரைந்துபோனார். மறுபடி சேர்வாரா? மூன்று வருடம் காத்திருந்தோம்.

இரண்டரைக் காட்சி. அரங்கு நிறைந்திருந்தது. பத்து நிமிடத்தில் எனக்குப் பின்னால் ஒரே ஒரு கைதட்டல். திரையில் வெறும் இருட்டு. அடுத்த கணம் அந்த இருட்டில் வெள்ளையாய் ஒரு விரல், பிறகு கை, பிறகு முகம். அரங்கு அதிர்ந்தது. நானும் கத்தினேன். இவ்வளவு அழகாக ஒருவர் திரும்பி வந்ததை நான் திரையில் பார்த்ததில்லை.

ஆனால் பின்னால் தட்டியவர் முந்திவிட்டார்.

திரும்பவும் அதே. பின்னால் ஒரு மெல்லிய குரல், “பாலம் உடையுது” என்றது. பிறகுதான் பாலம் உடைந்தது. “அவள் துரோகி” என்றது. அவள் கத்தியை எடுத்தாள். படம் அந்தக் குரலைக் கேட்டு நடப்பதுபோல் இருந்தது.

கடைசிக் காட்சி. அவர் மறுபடி கரைகிறார். கடல் மட்டும். “சேருறார்,” என்றது குரல். “எழும்பிட்டார்.” ஒருவர் பலமாகக் கைதட்டினார். திரையில் கடல். கடல். எழுத்து ஓடத் தொடங்கியது. அரங்கு முழுவதும் அமைதி. அந்தக் கை தனியே தட்டிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

விளக்குப் போட்டதும் திரும்பினேன். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர், என் முகத்தைப் பார்க்காமல்.

வாசலில் கண்ணாடிக்காரர் என் தோளைத் தொட்டார். “முன்னுக்கு இருந்து கத்தின தம்பியா? காது போச்சுது.”

“ஓம். நீங்கள்தானே முந்தித் தட்டினது?”

சிரித்தார். கிண்ணியா ஆள், பெயர் நஸீர், ஊருக்கு நஸீர் நானா, அதாவது நஸீர் அண்ணன். மீனுக்குப் போட்ட வெடி வள்ளத்துக்குக் கிட்டவே வெடித்துக் கண் போனதாம். “மீன் தப்பிட்டுது.” கண்ணால் கடைசியாகப் பார்த்த படம் முதல் பாகம். மற்றவர் அவருடைய மச்சான் ஃபாரூக். காலைக் காட்சியைத் தனியாகப் பார்த்துவிட்டு, இரண்டரைக்கு நஸீரைக் கூட்டிவந்து, எல்லாவற்றையும் ஒரு கணம் முந்திச் சொல்வார்.

“சனம் தட்டேக்க நானும் தட்ட வேணும். பிந்தித் தட்டினா குருடன் எண்டு தெரிஞ்சிடும்,” என்றார் நஸீர். “படம் மட்டுமில்லை தம்பி. ரோட்டு, படி, கடன்காரன், எல்லாம் இவன் சொல்லித்தான்.”

பிறகு குரலைத் தாழ்த்தினார். “கடைசியில அவர் சேர்ந்தவர்தானே? சனம் ஏன் தட்டேல்லை?”

ஃபாரூக் என்னைப் பார்த்தார். கண்ணால் கெஞ்சினார்.

இருந்தும் சொன்னேன். “கடலைத்தான் காட்டினவங்கள், நஸீர் நானா.”

“நீ மூண்டு வருஷமாக் காத்திருந்தனீ மச்சான்,” என்றார் ஃபாரூக். “காலையிலயே முடிவைப் பார்த்திட்டன். சொல்ல ஏலாமப் போச்சு.”

நஸீர் தலையாட்டினார். கோபப்படவில்லை. வீதியோரம் வந்தோம்.

“கொஞ்சம் நில்லு மச்சான். மான் ரெண்டு குறுக்க நிக்குது,” என்றார் ஃபாரூக்.

நஸீர் என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, மான் நிக்குதா?”

நின்றன. இரண்டு புள்ளிமான்கள். சத்தமே இல்லாமல் எங்களைப் பார்த்துக்கொண்டு.

படத்துக்காக அந்த ஊருக்குப் போகிறவர்கள் இரண்டரைக் காட்சிக்குப் போங்கள். பின்னேர பஸ்ஸைப் பிடித்துவிடலாம். படம் அற்புதம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மாலையில் மான்கள் வீதியில்தான் நிற்கும், வாகனங்கள் மெதுவாகப் போக வேண்டும். யாராவது உங்களிடம் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாது. நான் “நிக்குது நானா” என்றேன். அவை போனதும் “போயிட்டுது” என்றேன். நஸீர் என் கையைப் பிடித்துக்கொண்டு வீதியைக் கடந்தார். ஃபாரூக் ஒன்றும் சொல்லாமல் பின்னால் வந்தார்.