பை அக்காவின் பாக்கி

மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் வலது கையை நுழைத்து, மணிக்கட்டில் ரப்பர் பேண்டு மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு காரின் முன்மூடியைத் தடவிக்கொண்டிருக்கிறார் அக்கா. வாய் முணுமுணுக்கிறது. "இங்க ஒண்ணு… இங்க ஒண்ணு… அடப்பாவி, இங்க ஒரு குடும்பமே குடியிருக்கு!" வெறும் கைக்கு வழவழப்பாகத் தெரியும் இடம்கூடப் பைக்குள் இருக்கும் கைக்கு உப்புத்தாளைப்போல உறுத்தும். இந்தப் பையால்தான் அவருக்குப் பை அக்கா என்று பெயர் வந்தது. அவரைவிட மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிடுகிறார்கள். வீட்டுக்காரரும் வாய் தவறி இரண்டொரு முறை கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு.

தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் தெரு. இதுதான் பட்டறை. முன்னால் தண்ணீர் அடித்துக் கழுவுவது வீட்டுக்காரர் வேலை. அதற்குப் பிறகு வண்டி அக்காவுடையது. "நான் குளிப்பாட்டி விடுறேன், இவ உக்காந்து பேன் பாக்குறா" என்பார் அவர். அக்கா திரும்பாமலே பதில் சொல்வார்: "குளிச்சா பேன் போயிடுமாய்யா? உன் தலையையே இன்னும் பாத்து முடிக்கல."

கழுவினாலும் போகாதவை நிறைய இருக்கின்றன. தார்ப் புள்ளி, மரத்திலிருந்து சொட்டிய பிசின், பிரேக்கிலிருந்து பறந்து வந்து பெயின்டில் குத்தி நிற்கும் இரும்புத் தூள். அந்தத் தூளுக்கென்று ஒரு மருந்து அடிப்பார். கொஞ்ச நேரத்தில் வெள்ளை வண்டி ஊதா ஊதாவாக ஒழுகத் தொடங்கும். முதல்முறை பார்ப்பவர்கள் பதறிவிடுவார்கள். "பெயின்டு இல்ல சார், இரும்பு. விடுங்க, நல்லா அழுதுட்டுப் போகட்டும்."

பிறகு களிமண். கடையில் அதற்கு வேறு பெயர். அக்காவுக்கு அது 'மாவு'. ஒரு உருண்டை கிள்ளி உள்ளங்கையில் தட்டையாக்கி, சோப்புத் தண்ணீர் தெளித்து, அழுத்தாமல் தேய்ப்பார். முதலில் சர்ர் சர்ர் என்று சத்தம் வரும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கை வழுக்கிக்கொண்டு ஓடும். மாவில் கறுப்பு ஏறியதும் அந்தப் பக்கத்தை உள்ளே மடித்துவிட்டுப் புதுப் பக்கத்தால் தொடர்வார். தரையில் விழுந்த மாவை எடுக்க மாட்டார்; ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் வண்டி முழுக்கக் கோடு விழுந்துவிடும். நேராகப் பாலிஷ் போடச் சொல்லி அவசரப்படுபவர்களிடம் மட்டும் குரல் ஏறும். "அழுக்க உள்ள வெச்சுப் பூட்டவா மெழுகு பூசுறோம்?"

பக்கத்து மெக்கானிக் ஒரு தொழில் ரகசியம் சொல்லிக்கொடுத்தாராம். எங்கேயாவது ஒரு சின்ன வேலையை மிச்சம் வைத்தால் ஆள் தானாகத் திரும்பி வரும் என்று. அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "அந்தப் பொழப்பு நமக்கெதுக்கு? நான் விட்ட வண்டியில ஒரு புள்ளி காட்டட்டும், பாப்போம்!"

ஒரே ஒரு வண்டி வரும்போது மட்டும் பட்டறையின் வழக்கம் மாறும். கருநீலத்தில் ஒரு சின்னக் கார். அக்காவின் தங்கையுடையது. ஓட்டிக்கொண்டு வருபவர் தங்கையின் கணவர். ஊரின் மறுகோடியில்தான் வீடு. தங்கை வருவதில்லை.

அப்படி அது வந்த ஒரு நாள் நானும் என் வண்டிக்காகப் பட்டறையில் காத்திருந்தேன். வீட்டுக்காரர் குழாயைத் தூக்கியதும் அக்கா பதறி ஓடி வந்தார். "நில்லுய்யா! தண்ணி அடிக்காத. நான் பாத்துக்கறேன், அப்புறம் அடி."

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். சக்கரத்துக்கு மேலே பொடிப் பொடியாகத் தார்ப் புள்ளிகள். "அவங்க தெருவுக்கு ரோடு போட்டுட்டாங்க போல." கூரையில் பிசின். "இப்பவும் அந்த மரத்தடியிலதான் நிறுத்துறா. எங்க, சொன்னாக் கேப்பாளா?" பின்கதவில், கண்ணாடிக்குச் சற்றுக் கீழே, எதையோ தின்றுவிட்டு வைத்த சின்ன உள்ளங்கை. அக்கா குனியப் போனவர், குனியத் தேவையில்லாமல் நின்றார். "போன தடவ கைப்பிடிக்குக் கீழ இருந்துச்சு. வளந்துட்டா."

அந்தக் கை யாருடையது என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். தங்கை மகள். பார்த்து நான்கு வருடம் ஆகிறது.

நடந்தது இவ்வளவுதான். தங்கை தன் சம்பாத்தியத்தில், தானே கடைக்குப் போய், தானே நிறம் பார்த்து வாங்கிய வண்டி அது. சீட்டின் உறையைக்கூடப் பிரிக்காமல் மாமியாரையும் உட்காரவைத்துக்கொண்டு நேராக அக்காவிடம் வந்தாள். அக்கா வழக்கம்போலக் கையில் பையை மாட்டித் தடவினார். சொரசொரத்தது. "இது புதுசு இல்லடி. எங்கயோ கெடந்த வண்டிய உன் தலையில கட்டிட்டானுங்க" என்றார். மாமியார் பின்சீட்டிலிருந்து, "பொம்பளை தனியாப் போய் வாங்கினா இப்படித்தான்" என்றார். தங்கை வண்டியைத் திருப்பினாள். ஜன்னலை ஏற்றுவதற்கு முன் ஒரு வார்த்தைதான் சொன்னாள். "எது கெடச்சாலும் கைய வெச்சுக் குத்தம் பாக்கணும் உனக்கு."

அடுத்த மாதமே வேறு யாரோ வாங்கிய புது வண்டி ஒன்று கடையிலிருந்து நேராக வந்தது. அதுவும் சொரசொரத்தது. மருந்து அடித்ததும் ஊதாவாக ஒழுகியது. விசாரித்தபோதுதான் தெரிந்தது: புது வண்டிகளைத் திறந்த ரயில் பெட்டியில் ஏற்றி அனுப்புகிறார்கள், தண்டவாளத் தூள் வழியெல்லாம் வந்து ஒட்டிக்கொள்கிறது.

"புதுசுதான் வாங்கியிருக்கா. நான்தான் தெரியாமப் பேசிட்டேன்."

"போன்ல சொல்லிடலாமே?" என்றேன்.

"எடுப்பா. 'நல்லா இருக்கேன், நீ நல்லாரு'ன்னு வெச்சிடுவா. அதுக்குள்ள ரயிலு, தூளுன்னா என்னத்த சொல்றது? அவ கையில பைய மாட்டி, அவளையே தடவ வெச்சு, ஊதாவா ஒழுகறதக் காட்டிச் சொல்லணும். அப்பத்தான் ஏறும் அவளுக்கு."

ஓட்டுநர் பக்கக் கதவின் கைப்பிடிக்குப் பின்னால், விரல் நுழையும் குழியில், நெல் முனை அளவில் நகக் கீறல்கள். ஒவ்வொரு வண்டியிலும் இருப்பவைதான். பாலிஷ் மெஷின் வைத்தால் நொடியில் போய்விடும். "சின்னப் புள்ளையில நகத்த வெட்டவே விடமாட்டா. தூங்கறப்பத்தான் வெட்டி விடுவேன்" என்றார், பையில்லாத இடது கையால் அந்தக் குழியைத் துடைத்தபடி.

மாலையில் தங்கையின் கணவர் வண்டியை எடுக்க வந்தார். வண்டி கண்ணாடிபோல் நின்றது. அவர் ஒரு சுற்று வந்துவிட்டு, "பிரமாதம் அண்ணி. இத வித்துடலாம்னு இருக்கோம். ஞாயித்துக்கெழம ஆள் பாக்க வர்றாங்க" என்றார்.

அக்கா கையிலிருந்த துணியை மடித்தார். மறுபடி பிரித்து மடித்தார். "அவ சொன்னாளா விக்கணும்னு?"

"அவதான். பெரிசா ஒண்ணு எடுக்கலாம்ங்கறா."

"ம்." பிறகு, "புள்ள என்ன படிக்குது?" என்றார்.

"ரெண்டாவது." அவர் கைப்பிடிக் குழியை எட்டிப் பார்த்தார். "அண்ணி, இங்க கீறல் விட்டுப்போச்சே. நீங்களா விட்டீங்க?"

கழுவும் இடத்திலிருந்து வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார்.

"பாக்கி இருக்கு" என்றார் அக்கா. "அது ஓட்டுறவங்க நகம். அவங்க வந்து நிக்காம நான் எடுக்க முடியாது."

"அப்படியெல்லாம் உண்டா அண்ணி?"

"உண்டு தம்பி. ஞாயித்துக்கெழமைக்குள்ள அவளையே வண்டிய எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அக்கா ஒரு பார்வை பார்த்ததும் குழாயைத் திருகிக்கொண்டு குனிந்தார்.

அக்காவே கதவைத் திறந்துவிட்டார். தங்கையின் கணவர் ஏறியதும் சாத்தினார். கையிலிருந்து பையைக் கழற்றி, உதறி, நான்காக மடித்து, தங்கையின் விரல் நுழையும் அந்தக் கைப்பிடிக் குழிக்குள் விரலால் அழுத்திச் செருகினார். வண்டி நகர்ந்த பிறகும் செருகிய விரல் நீட்டியபடியே இருந்தது.