முழுநாள்காரி

மூத்தவள் படித்த காலத்தில் பள்ளிக்கூடம் மதியத்தோடு விட்டுவிடும். மீதிப் பொழுதெல்லாம் தெருதான். யாரோடு மல்லுக்கு நிற்பது, யாரைக் கண்டால் ஓட்டம் எடுப்பது என்பதெல்லாம் அங்கே கற்றதுதான். இளையவள் சேர்ந்த வருடம் பள்ளியை அந்தி சாயும்வரை நீட்டினார்கள். அவளுக்குக் கையெழுத்து முத்துமுத்தாக வந்தது, கணக்கும் வந்தது. ஆனால் வீட்டில் சோற்றைப் போட்டு வைத்தாலும், யாராவது "சாப்பிடு" என்று சொல்லும்வரை தொடமாட்டாள். தங்கமான பிள்ளை என்று அம்மா பூரித்துப் போனாள்.

பின்னாளில் இருவருக்கும் ஒரே பழக்கிடங்கில் வேலை கிடைத்தது. மூத்தவள் வெளியே கூடை கழுவினாள். இளையவள் உள்ளே, குளிர் அறையை ஒட்டி ஓடும் பெல்ட்டில் பழம் தரம் பிரித்தாள், சம்பளமும் கூடுதல். முழுநாளும் பள்ளியில் இருந்து பழகிய, தலை நிமிராத அவளுக்கு 'முழுநாள்காரி' என்று பெயர் வைத்தார்கள். மேனேஜர் மூத்தவளிடமே கேட்டார்:

"அந்தப் பள்ளிக்கூடத்துல முழுநாளும் படிச்சவங்க இன்னும் இருந்தா கூட்டிட்டு வாம்மா. உன்ன மாதிரி வாயாடி வேணாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பெல்ட் முழுக்க முழுநாள்காரிகள் வந்து சேர்ந்தார்கள்.

ஒரு பிற்பகல் குளிரூட்டும் குழாயில் அமோனியா கசிந்தது. நெடி கண்ணைப் பிடுங்கியது. கூடை கழுவியவர்கள் போட்டது போட்டபடி ஓட, மூத்தவள் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். அங்கே பெண்கள் கண்ணீர் வழிய வழியப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எந்திரிடி! செத்துருவ!"

"சூப்பர்வைசர் இன்னும் சொல்லலக்கா."

"அவன் எப்பவோ ஓடிட்டான்!"

அப்போதும் ஒருத்தியும் அசையவில்லை. மூத்தவள் சிவப்புப் பொத்தானைக் குத்தி பெல்ட்டை நிறுத்தினாள். "எல்லாரும் வெளிய போங்க!" என்று அதட்டினாள். அந்த அதட்டலுக்குத்தான் எழுந்தார்கள். அதுவும் வரிசையாக, ஒருவரை ஒருவர் முந்தாமல். வரிசைக் கடைசியில் நின்ற வேறொருத்திக்கு ஒரு கண் போயிற்று.

ஓடிப்போன சூப்பர்வைசர் திரும்பவில்லை. அந்த இடத்தை இளையவளுக்குக் கொடுத்தார்கள். கேட்காமல் பெல்ட்டை நிறுத்தியதற்காக மூத்தவளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வேலை முடிந்து வந்த தங்கையிடம் மூத்தவள் கேட்டாள்: "குழாய மாத்திட்டாங்களாடி?"

"ஒட்டுப் போட்டிருக்காங்கக்கா."

"மறுபடி நெடி வந்தா?"

"மேலிடத்துல கேப்பேன்."

"மேல இருந்து பதிலே வரலன்னா?"

இளையவளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.