லிப்ரெரியா பார்க்கும் மாப்பிள்ளை

றொனி முதலில் சொன்னது பொய்யே இல்லை. "லிபெர்த்தா வீதியிலை ஒரு லிப்ரெரியா பாக்கிறன் அன்ரி" என்றுதான் மாக்கிரட் அன்ரியிடம் சொன்னான். பலெர்மோவில் தமிழ்ப் பூசை முடிந்ததும் கோவில் வாசலில் நின்று கலியாணம் பேசுகிறவர் அவர்.

இத்தாலியனுக்குப் புத்தகம் விற்கிற கடையும் லிப்ரெரியாதான், வீட்டில் புத்தகம் அடுக்கி வைக்கிற அலுமாரியும் லிப்ரெரியாதான். றொனி பார்த்தது அலுமாரி. காசுக்காரர் குடியிருக்கிற அந்தப் பக்கத்தில், ஒரு பேராசிரியரின் விதவை வீட்டில், நிலத்திலிருந்து முகடு வரைக்கும் கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரி. கண்ணாடி துடைப்பது அவன் வேலை. பிறகு குசினி, குளியலறை, வீட்டுக்கார அம்மாவான சிஞ்ஞோராவின் நாய். உள்ளே இருக்கிற புத்தகம் ஒன்றையும் அவன் தொட்டதில்லை. சாவி சிஞ்ஞோராவின் மேசை லாச்சிக்குள் கிடந்தது.

அன்ரியின் வாயிலிருந்து ஒஸ்லோவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அலுமாரி கடையாகிவிட்டது.

ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்தவள் லக்ஷனா. அந்த ஊர்ப் புத்தகக்கடைகளைத் தேடித் தேடிப் போய் வீடியோ எடுத்துப் போடுகிறவள். அவள் அனுப்பிய முதல் குரல்பதிவே, "உங்கட கடை எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்டது. அந்த இடத்திலேயே திருத்தியிருக்கலாம். ஆனால் றொனி பேசாலைப் பெடியன்; அவர்கள் வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவன்; புவியியலில் சிறப்புப் பட்டம். கறுப்பு அங்கியோடு நிற்கிற அந்தப் படத்தைப் பார்த்துத்தான் லக்ஷனா கதைக்கவே சம்மதித்தாள். அவளிடம் போய், இந்தக் கையால்தான் நாய்ப்பீ அள்ளுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

"பழைய புத்தகங்கள்தான் கூட" என்றான். அதுவும் உண்மைதான்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் லக்ஷனா வீடியோ அழைப்பில், தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி அவனை ஒஸ்லோ முழுக்க இழுத்துக்கொண்டு திரிந்தாள். நிலவறைக்குள் ஒரு கடை, குனியாமல் போனால் தலை இடிக்கும். இன்னொன்றில் படிக்கட்டிலேயே குந்தியிருந்து வாசிக்கலாம். பனிச்சேறு ஒட்டிய சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுப் போகிற கடை ஒன்று. அதில் வரைபடங்கள் மட்டும்தான்.

"இது உங்களுக்கு எண்டே தேடிப் பிடிச்சனான். கலியாணம் முடிஞ்சு வாங்கோ, முதல் இஞ்சைதான் கூட்டிக்கொண்டு வருவன்."

அன்றைக்கு றொனி நித்திரை கொள்ளவில்லை. மத்திய ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்த அறையில் அவனோடு இருந்த தவராசா அண்ணைக்கு எல்லாம் தெரியும்.

"என்ன முதலாளி, கடை எப்பிடிப் போகுது?"

"சும்மா இருங்கோ அண்ணை."

"கடைக்காரர் எண்டாலும் இண்டைக்குக் கோப்பை கழுவுற முறை உங்கடைதான், தெரியுமோ?"

சித்திரையில் லக்ஷனா பலெர்மோவுக்கே வந்தாள். மாக்கிரட் அன்ரி வீட்டில் தங்கினாள். நேரில் பார்த்துப் பிடித்தால் மோதிரம் மாற்றுவதாகப் பேச்சு. சனிக்கிழமை பொலிதேயாமாப் பக்கம் புத்தகக்கடை பார்க்கப் புறப்பட்டார்கள். இத்தனை வருடம் அந்த வீதியால் போய்வந்தும் றொனி ஒரு கடைக்குள்ளும் காலடி வைத்ததில்லை. முதல் கடையில், இழுக்க வேண்டிய கதவைத் தள்ளிக்கொண்டு நின்றான். உள்ளே இருந்தவர் எட்டிப் பார்த்து, பெட்டி இறக்குகிற ஆட்களுக்குப் பக்கத்துச் சந்தால் வாசல் என்றார்.

"என்னவாம்?" என்று லக்ஷனா கேட்டாள்.

"கழிவு விலை போட்டிருக்கினமாம்" என்றான் றொனி. அவன் வாயிலிருந்து வந்த முதல் முழுப் பொய் அதுதான்.

லக்ஷனா கடை கடையாக ஏறி இறங்கினாள். புத்தகத்தை விரித்து முகர்ந்து பார்த்தாள், விற்பவர்களோடு இங்கிலிசில் கதைத்துச் சிரித்தாள். பின்னேரம் வீதியில் நின்று கேட்டாள்: "எல்லாற்றை கடையும் பாத்தாச்சு. உங்கட கடை?"

"நாளைக்குக் காட்டுறன்."

காட்டத்தான் நினைத்தான். இனியும் மறைத்து வைக்க அவனிடம் திராணி இல்லை. ஞாயிறு மத்தியானம் மகள் வந்து தன்னைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப் போவாள் என்று சிஞ்ஞோரா சொல்லியிருந்தார். வீட்டுச் சாவி அவனிடம் இருந்தது. லக்ஷனாவை அந்த அலுமாரிக்கு முன்னால் நிறுத்தி, "இதுதான் என்ரை லிப்ரெரியா" என்று சொல்லி, சொல்லின் மற்றக் கருத்தையும் சொல்லி, இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்க வேண்டும். பகிடியாக அவிழ்த்துவிட்டால் முடிச்சு அவிழ்ந்துவிடும் என்று நம்பினான். சனி இரவே போய், நாயை உலாத்திவிட்டு வந்து, கண்ணாடிகளைத் திரும்பத் திரும்பத் துடைத்தான். ஒரு விரலடையாளம்கூட மிச்சமில்லை.

ஞாயிறு மத்தியானம் கதவைத் திறந்ததும் நாய் ஓடிவந்து அவன் காலை நக்கியது. உள்ளே ஒருவரும் இல்லையென்றுதான் நினைத்தான். ஆனால் பழக்கப்பட்ட கை சும்மா இருக்கவில்லை. கதவுக்குப் பின்னால் கொளுவியிருந்த ஏப்ரணை எடுத்துவிட்டது. எடுத்த பிறகுதான் றொனிக்கே தெரிந்தது. லக்ஷனா ஏப்ரணைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள்.

"யாரது?"

வீட்டு உடுப்போடு சிஞ்ஞோரா அறையிலிருந்து வந்தார். மகள் வரவில்லை. "ஞாயிற்றுக்கிழமை உன்னை யார் வரச் சொன்னது? யார் இந்தப் பெண்? என் வீட்டுக்குப் பெண்களைக் கூட்டி வருகிறாயா?" அவர் குரல் ஏற ஏற, வேலையும் போகப்போகிறது என்று றொனி பயந்தான். அவன் தடுமாறுவதைக் கண்டு சிஞ்ஞோரா லக்ஷனாவிடமே இங்கிலிசில் கேட்டார்: "நீ இவனுக்கு யார்?"

லக்ஷனா அவன் கையிலிருந்த ஏப்ரணை இன்னொரு தடவை பார்த்தாள்.

"ஒருவருமில்லை. நான் ஒஸ்லோவிலிருந்து புத்தகக்கடைகள் பார்க்க வந்தேன். இவர் வழி காட்ட வந்தவர். உங்கள் வீட்டுப் புத்தகங்களைப் பற்றிச் சொன்னார்."

அந்த ஒரு பதிலால் அவன் வேலை தப்பியது. மற்றதெல்லாம் போயிற்று. ஒஸ்லோ என்ற பெயரைக் கேட்டதும் சிஞ்ஞோராவின் முகம் மலர்ந்தது. புருசன் உயிரோடிருந்த காலத்தில் அவரோடு அங்கே போயிருக்கிறாராம். லக்ஷனாவைக் கையில் பிடித்துச் சாய்கதிரையில் இருத்தினார். லாச்சியிலிருந்து சாவியை எடுத்துக் கண்ணாடிக் கதவை விரியத் திறந்தார். "றொனி, காப்பி."

அவன் ஏப்ரணைக் கட்டிக்கொண்டு தட்டத்தோடு வந்தபோது சிஞ்ஞோரா ஒரு புத்தகத்தைத் தேடிக் குனிந்திருந்தார். நேரம் அதுதான்.

"லக்ஷனா, லிப்ரெரியா எண்டால் இஞ்சை அலுமாரிக்கும் சொல்லுறது..."

பகிடியாக வர வேண்டியது, பிச்சை கேட்பதுபோல வந்தது.

"விளங்குது" என்றாள் அவள், தலையைத் திருப்பாமல். "கோப்பியை வையுங்கோ. அவ பாக்கப் போறா."

வைத்தான். "கிராட்சியே" என்றாள் லக்ஷனா. பலெர்மோவில் அவள் பழகிய ஒரே இத்தாலிச் சொல், கடைக்காரர்களுக்கு நன்றி சொல்வது. பிறகு தொலைபேசியை எடுத்து அலுமாரியை மேலும் கீழுமாகப் படம் பிடித்தாள். போகும்போது சிஞ்ஞோரா அவளுக்கு ஒரு பழைய வரைபடப் புத்தகத்தை அன்பளிப்பாகக் கொடுத்தார். றொனியின் தோளில் தட்டி, "நல்ல பையன், சுத்தமான கை" என்று சாட்சியும் சொன்னார். லக்ஷனா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். படியிறங்கும்போது, "நான் தனியப் போவன்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மாக்கிரட் அன்ரி அழைத்தார்.

"தம்பி, அவை வேறை இடம் பாக்கினமாம். வேலைக்காக இல்லையாம். கடை எண்டு சொன்னதுக்காம்."

"நான் கடை எண்டு சொல்லேல்லை அன்ரி. உங்களுக்கு அலுமாரி எண்டு தெரியும்தானே?"

"நானும் லிப்ரெரியா எண்டுதான் சொன்னனான். அவை கடையெண்டு விளங்கினால் நான் என்ன செய்யிறது?"

பலெர்மோவில் பார்க்க வேண்டிய புத்தகக்கடைகள் என்று அந்தக் கிழமையே லக்ஷனாவின் வீடியோ வந்தது. பொலிதேயாமாக் கடைகள் எல்லாம் வந்தன. கடைசியில், தனியார் வீடு, முகவரி தர முடியாது என்ற குறிப்போடு சிஞ்ஞோராவின் அலுமாரி. பார்த்தவர்கள் இதயங்களாகப் போட்டிருந்தார்கள். தவராசா அண்ணை றொனியின் கட்டிலில் வந்து குந்திக்கொண்டு அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, விரல்களால் பெருப்பித்தார். திறந்திருந்த கண்ணாடிக் கதவில் விழுந்த பிம்பத்தில் ஏப்ரண் கட்டிய ஒருவன், வெறும் தட்டத்தோடு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். முகம் துலக்கமாகத் தெரிந்தது.

"தம்பி" என்றார் தவராசா அண்ணை, "கண்ணாடி நல்லாத்தான் துடைச்சிருக்கிறாய்."