மாப்பிள்ளைக்கு உரித்த நத்தை

பட்டாணி அளவு நத்தையை இடது கை விரல்நுனியில் பிடித்துக்கொண்டு, வலது கை இடுக்கியால் அதன் ஓட்டைத் துணுக்குத் துணுக்காக உடைத்து எடுத்துக்கொண்டிருந்தார் நிபுணர். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். உள்ளிருந்த சதை கிழியாமல் வெளியே வந்ததும், அதைச் சுத்தமான தண்ணீரில் அலசி மீன்தொட்டிக்குள் போட்டார். பிறகு அடுத்த நத்தை. காலையில் ஏழு, மாலையில் ஏழு. எதிர் மேசையில் பல்செட்டுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்த மனைவி இதைப் பார்த்தும் பாராமலும் இருந்தாள். இந்த மனுஷன் இருபத்தாறு வருடத்தில் தனக்கு ஒரு ஆரஞ்சுப் பழம்கூட உரித்துக் கொடுத்ததில்லை.

தொழில், பல் கட்டுவது. பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, செட்டாக்கித் திருப்பி அனுப்புவார். வேலை படு சுத்தம், அதில் நொட்டை சொல்ல முடியாது. நொட்டை சொல்வதெல்லாம் இவர்தான். அச்சு எடுத்தவருக்கு அச்சு எடுக்கத் தெரியாது. போட்டுக்கொள்கிறவருக்கு மெல்லத் தெரியாது. "வாய்க்குள்ள டார்ச் அடிக்கிறவனெல்லாம் டாக்டர்னா, தெருவுல லைட் போடறவன் யாரு?" என்பார். எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் கடைசி வார்த்தை இவருடையதாக இருக்க வேண்டும். நிபுணர் என்ற பட்டம் மனைவி கொடுத்தது. அதைக் கிண்டல் என்று அவர் இன்றுவரை எடுத்துக்கொள்ளவில்லை.

மீனிலும் அப்படித்தான். யாராவது தங்கமீன் வளர்க்கிறேன் என்றால் உதட்டைப் பிதுக்குவார். "அது பொம்மைங்க. சாவி குடுத்தா ஓடும்." இவர் வளர்ப்பது பேத்தை மீன். கட்டைவிரல் நீளம்தான், முதுகில் எட்டு எழுதியதுபோல மஞ்சள் வளையம், கண்கள் இரண்டும் தனித்தனியாகச் சுழலும், பயந்தால் பந்தாக உப்பும். நல்ல தண்ணீரும் ஆகாது, முழுக் கடல் தண்ணீரும் ஆகாது, ஆறு கடலில் சேருகிற இடத்து உப்பு வேண்டும். செதில் இல்லாத உடம்பு என்பதால் கண்ட மருந்தை ஊற்றக் கூடாது. கூட இன்னொரு மீனை விட்டால் வாலைக் கடித்துக் குதறிவிடும், ஆகவே தனிக்குடித்தனம். இத்தனை உபசாரம் கேட்கிற ஜந்துவுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவளும் மனைவிதான். மகளைக் கட்டிய அசல் மாப்பிள்ளை வந்தால் ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும். உரித்த நத்தை இவனுக்கு மட்டும்.

மீனை விற்ற கடைக்காரர் அன்றைக்கே சொன்னார்: "நத்தையை அப்படியே ஓட்டோட போடுங்க சார்." நிபுணர் அவரைப் பார்த்துப் புன்னகை செய்தார். வெளியே வந்ததும் மனைவியிடம், "உரிக்கச் சோம்பேறித்தனம். அதுக்கு ஒரு வியாக்கியானம் வேற" என்றார். பேத்தை வளர்ப்பு பற்றித் தடிமனாக ஒரு புத்தகம் வாங்கினார். சிவப்புப் பேனாவும் கையுமாக ஒரு வாரம் அதிலேயே கிடந்தார்.

எட்டு மாதம் ஓடியது. ஒரு நாள் மாப்பிள்ளை சாப்பாட்டை நிறுத்திவிட்டான்.

பசி இல்லாமல் இல்லை. ஆளைக் கண்டால் வழக்கம்போல் கண்ணாடிக்கு வந்து வாலாட்டினான். சதையைப் போட்டால் பாய்ந்தான். ஆனால் சதை அவன் மூக்கில் முட்டிக் கீழே போய் விழுந்தது. நான்கு நாளில் வயிறு ஒட்டிவிட்டது. நிபுணர் முதலில் உப்பு கூடிவிட்டது என்றார், மறுநாள் உப்பு குறைந்துவிட்டது என்றார். தண்ணீரின் சூட்டை அளந்தார். கடைக்காரன் நோஞ்சானைத் தலையில் கட்டிவிட்டான் என்றார். கடைசியில், "நீ பாத்திரத்தைப் போட்டு உருட்டற இல்ல, அந்தச் சத்தத்துல பயந்துடுச்சு" என்று அவளிடமே வந்து சேர்ந்தார்.

கைபேசியில் பேத்தை வளர்ப்பவர்களின் குழு ஒன்று உண்டு. புதிதாகச் சேர்கிறவர்களிடம், 'அடிப்படை தெரியாதவர்கள் மீன் வளர்க்க வரக் கூடாது' என்று எழுதுகிறவர் இவர். அங்கே ஒரு கேள்வியைத் தட்டுவதும் அழிப்பதுமாக அரை மணி நேரம் இவர் உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்தாள்.

"கேட்டா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?"

"எனக்குத் தெரியாதது அவங்களுக்கு என்ன தெரியும்?"

மீன் போனாலும் பரவாயில்லை, பேர் போகக் கூடாது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வாயில்லாப் பிராணியின் உயிர் இந்த மனுஷனின் வீறாப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அதோட பல்லைப் பாத்தீங்களா?"

"பல்லைப் பத்தி எனக்கே சொல்லித்தர்றியா?"

"சொல்லித்தரலீங்க. பாருங்கன்னுதான் சொல்றேன்."

அவர் பார்க்கவில்லை. அவளே ஒரு கண்ணாடி டம்ளரைத் தொட்டிக்குள் விட்டு, தண்ணீரோடு சேர்த்து மாப்பிள்ளையை முகந்தாள். வலையில் பிடித்தால் காற்றை விழுங்கி உப்பிக்கொள்ளும் என்று அவர் ஆயிரம் தடவை பிரசங்கம் செய்திருந்தது உதவியது. டம்ளரைக் கொண்டுபோய், அவர் பல்செட்டைச் சரிபார்க்கிற பூதக்கண்ணாடி விளக்கின் அடியில் வைத்தாள்.

அவர் குனிந்தார். மேலே இரண்டு, கீழே இரண்டு, நான்கு பற்களும் கிளிமூக்குபோல நீண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறி, வாயைப் பூட்டியிருந்தன.

"கடி சேரல," என்றார். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தாத நோயாளிகளின் அச்சைப் பார்த்துச் சொல்கிற அதே வார்த்தை.

அவள் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். உப்பு அத்தியாயம் முழுக்கச் சிவப்புக் கோடு. சூடு, வெளிச்சம், மணல், எல்லாவற்றிலும் கோடு. பல் அத்தியாயம் மட்டும் அச்சகத்திலிருந்து வந்தபடியே இருந்தது. அவள் சத்தமாக வாசித்தாள். பேத்தைக்குச் சாகும்வரை பல் வளர்ந்துகொண்டே இருக்கும். ஓட்டைக் கடித்து உடைத்தால்தான் தேயும். தேயாமல் நீண்டுவிட்டால் வெட்டிவிட வேண்டும்.

"இந்தப் பக்கத்தைப் படிக்கலையா?"

"பல்லுதானேன்னு விட்டுட்டேன்," என்றார். அவ்வளவு சின்னக் குரல் அவரிடம் இருப்பது அவளுக்கே புதிது.

வெட்டுவதற்கும் புத்தகத்தில் வழி இருந்தது. ஒரு கிண்ணம் தொட்டித் தண்ணீரில், கிராம்புத் தைலத்தைச் சொட்டுக் கணக்கில் குலுக்கிக் கலந்தார்கள். அதில் விட்ட சிறிது நேரத்தில் மாப்பிள்ளை மயங்கிச் சாய்ந்து மிதந்தான். அவள் ஈரத்துணியில் பொதிந்து பிடித்தாள். அவர் மெல்லிய கம்பி வெட்டுகிற கட்டரை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். கட்டரின் முனை ஓரிடத்தில் நிற்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: இத்தனை வருடம் பல் கட்டியவர், உயிருள்ள வாய்க்குள் ஒரு தடவைகூடக் கருவியை வைத்ததில்லை. இவருக்குத் தெரிந்த வாயெல்லாம் பிளாஸ்டர் வாய். வலிக்குமோ என்று அது யாரையும் யோசிக்க வைத்ததில்லை.

"வெட்டுங்க. தண்ணிய விட்டு ரொம்ப நேரம் வெளிய வெச்சிருக்கக் கூடாது."

"நீ ஆடாம பிடி."

"நான் ஆடல."

இரண்டு வெட்டு. கடுகில் பாதி அளவுக்குத் துண்டுகள் தெறித்தன. மீனைத் தொட்டிக்குள் விட்டார்கள். அது மணலில் பக்கவாட்டில் கிடந்தது. அவர் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். "கொன்னுட்டேனா?" என்று கேட்டார். அவளுக்குப் பாவமாக இருந்தது. இருந்தாலும் இல்லையென்று உடனே சொல்ல மனம் வரவில்லை. கொஞ்சம் கழித்துச் செவுள் அசைந்தது. பிறகு வால் அசைந்தது.

மறுநாள் காலையில் அவளே ஒரு நத்தையை ஓட்டோடு போட்டாள். மாப்பிள்ளை ஒரு கண்ணால் அளந்து பார்த்தான், பாய்ந்தான். 'டக்' என்று ஓடு உடைந்த சத்தம் தொட்டிக்கு வெளியே கேட்டது. நிபுணர் பிளாஸ்டர் குழைக்கப் போனார். அவளிடம் நன்றி என்று ஒரு வார்த்தை? அதெல்லாம் அவர் அகராதியிலேயே கிடையாது.

அந்த வாரக் கடைசியில், அச்சுப்பெட்டி கொண்டுவந்த டாக்டரம்மா தொட்டி முன்னால் நின்றார். "அட, ஓட்டோடயே சாப்பிடுதே. நத்தையை உரிச்சுப் போட மாட்டீங்களா?"

நிபுணருக்கு முதுகு நிமிர்ந்தது. "உரிக்கவே கூடாது டாக்டர். இதுக்குப் பல்லு வளந்துக்கிட்டே இருக்கும். ஓட்டைக் கடிச்சாத்தான் தேயும். இந்த அடிப்படைகூடத் தெரியாம நிறைய பேர் உரிச்சு உரிச்சுப் போட்டே கொன்னுடறாங்க."

மனைவி மெருகு இயந்திரத்தை நிறுத்தினாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை; உப்பின் அளவைப் பற்றி டாக்டரம்மாவுக்கு விளக்கிக்கொண்டே, மேசைமேல் கிடந்த, நத்தை உரித்த இடுக்கியை இடது கையால் பொத்தி, இழுப்பறைக்குள் தள்ளி மூடினார்.