இரண்டாவது பிரதி

செங்கம் ரோட்டில் நானும் நண்பனும் சேர்ந்து வீடியோ ஸ்டுடியோ நடத்தினோம். அவன் கல்யாணங்களைப் படம் பிடிப்பான். எடுத்ததைப் பத்திரப்படுத்தும் திட்டம் என்னுடையது. நாலு புத்தகம் படித்தவனுக்கு எதையும் சுருக்கமாகச் செய்ய வராது. கடைச் சுவர் முழுக்க அம்புக்குறி போட்டு வரைந்தேன். சாரம் இவ்வளவுதான்: ஒவ்வொரு வீடியோவுக்கும் இரண்டு பிரதி. ஒன்று கடை ஹார்ட் டிஸ்கில், மற்றது வேங்கிக்காலில் அவன் வீட்டு டிஸ்கில். கடை தீப்பிடித்தாலும் கல்யாணம் பிழைக்கும். வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிப் பூரித்துக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமைதோறும் டிஸ்க் பெட்டிகளுக்குச் சந்தனம், குங்குமம் வைப்பது எங்கள் வழக்கம். வீட்டுப் பிரதி எடுத்தாயிற்றா என்று கேட்பேன். "ஆச்சு. பொட்டும் வெச்சாச்சு" என்பான்.

ஒரு வெள்ளிக்கிழமை கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளுடைய அப்பா இறந்துவிட்டார். அவர் குரல் அவள் கல்யாண வீடியோவில் மட்டும்தான் இருந்தது. நாங்கள் கொடுத்த பென்டிரைவோ கெட்டுப்போயிருந்தது. கடை டிஸ்கும் அந்த மாதம்தான் உயிரை விட்டிருந்தது. நான் கலங்கவில்லை. சுவரைக் காட்டி விளக்கிவிட்டு, அவளை வேங்கிக்காலுக்கு அழைத்துப் போனேன்.

பெட்டியில் அன்றைய குங்குமம் பளிச்சென்று இருந்தது. உள்ளே ஒரு கல்யாணம்கூட இல்லை. எனக்குத் தெரியாமல் அவன் தொடங்கியிருந்த சொந்தச் சேனலின் வீடியோக்கள்தான் நிறைந்திருந்தன. அழித்தது போன கார்த்திகை தீபத்துக்கும் முன்னாலாம். அதற்குப் பிறகும் வாராவாரம் 'ஆச்சு'.

"ரெண்டு இருக்குதுன்னா ஒண்ணு ஜாஸ்திதானே? கடையில இருக்குதேன்னு அழிச்சுட்டேன்" என்றான். அப்புறம் அவள் பக்கம் திரும்பினான். "இதெல்லாம் பிளான் போட்டது சார்தாங்க."

அவன் சேனலுக்கு விளம்பரமாக அவள் கல்யாண வீடியோவிலிருந்து ஒரு துண்டைப் போட்டிருந்தான். மிச்சம் இருந்தது அது மட்டும்தான். அப்பா மண்டப வாசலில் நின்று பேசுகிறார். குரலை எடுத்துவிட்டு நாதஸ்வரம் சேர்த்திருந்தான்.

"இன்னா சொல்றாருண்ணா?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

அன்று கேமராவுக்குப் பக்கத்தில் லைட் பிடித்தவன் நான். "சாப்ட்டீங்களான்னு கேக்கறாரும்மா."

"எல்லாரையும் அதான் கேப்பாரு" என்றாள். திரும்பவும் ஓடவிட்டுப் பார்த்தாள். பிறகு, அதையாவது அனுப்பச் சொன்னாள்.

அனுப்பினேன். மேலே அவன் சேனல் பெயர். கீழே, பிடித்திருந்தால் நாலு பேருக்குப் பகிரும்படி ஒரு வேண்டுகோள்.